ஏழாம் மேசையில் அணைக்காத விளக்கு

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு வருடம் ஆகிறது. அந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஸ்தோத்திரமும் வணக்கமும். வீட்டுக்குப் போய் நிதானமாகப் படிக்கலாம் என்று மடித்துப் பையில் வைத்துவிட வேண்டாம். இங்கேயே உட்கார்ந்து படியுங்கள். இதில் உங்களில் சிலரைப் பற்றியும் எழுதியிருக்கிறேன்.

நினைவு மலர் என்றால் நல்ல வார்த்தையாக நாலு எழுது, சண்டை வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நல்ல வார்த்தைதான் எழுதப் போகிறேன். ஆனால் கோபத்தோடு எழுதப் போகிறேன். அண்ணனை அடக்கம் பண்ணிய அன்று, குழிக்கு முன்னால் நின்றுகொண்டு எங்கள் சபையின் போதகர் சொன்னார்: "இந்தச் சகோதரன் வேதத்தின் முதல் பக்கத்திலேயே இடறி விழுந்தவர்." அந்த வார்த்தை ஒரு வருடமாக என் காதைவிட்டுப் போகவில்லை. சோறு வடிக்கும்போது கேட்கிறது. ஜெபிக்க முழங்கால் போட்டால் கேட்கிறது. அண்ணன் விழவில்லை. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். அவருடைய கல்லறைக்குக் கல் வைக்க இன்றுவரை சபைக் கமிட்டி அனுமதி தரவில்லை. அவர் நம்பிக்கை தவறியவர் என்று நாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கல் வைக்கலாமாம். எங்கள் குடும்பம் எழுதிக் கொடுக்கப் போவது இந்தக் கட்டுரையைத்தான்.

அண்ணன் வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் ஒரு கூரை வீட்டில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டவும் மரவள்ளி பிடுங்கவும் கூலிக்குப் போனவர்கள். அப்பா நெஞ்சு வலியில் போனபோது அண்ணன் எட்டாம் வகுப்பில் இருந்தார். புத்தகப் பையை என் தோளில் மாட்டிவிட்டு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் பத்தாவது வரை படித்தது அவர் ஏறிய மரங்களால்தான். அப்போதெல்லாம் குழாய் ஸ்பீக்கரைக் கட்ட ஆள்தான் மரத்தில் ஏற வேண்டும். ஒரு முறை புளியமரத்திலிருந்து விழுந்து இடது கை முறிந்து, கோணலாகவே கூடிவிட்டது. கடைசிவரை அந்தக் கையை அவரால் நேராக நீட்ட முடிந்ததில்லை. யாராவது கேட்டால், "காது குத்து வூட்டுல உழுந்துட்டேன். மொய் வைக்காத வந்தன்னு மரமே தள்ளி வுட்டுச்சி" என்று சிரிப்பார்.

பட்டினி கிடந்தார், அடுத்தவர் செட்டுக்கு உழைத்தார், பிறகு சொந்தமாக ஒரு செட் வைத்தார். கல்யாணம், காது குத்து, மாரியம்மன் திருவிழா, பள்ளிவாசல் விழா, எங்கள் சபையின் பண்டிகைகள் என்று கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் அவர் ஒயர் இழுக்காத தெரு இல்லை. கோயில் திருவிழாவுக்கு மைக் கட்டுகிறாரே என்று சபையில் சிலர் முணுமுணுத்ததுண்டு. "சத்தந்தாங்க என்னுது, பாட்டு அவுங்குளுது" என்பார். சபைக்கு மட்டும் ஒருநாளும் வாடகை வாங்கியதில்லை. இதை அவர் சொல்லிக் காட்டியதும் இல்லை. நான் சொல்லிக் காட்டுகிறேன்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு மைக் செட் கொண்டுபோன இடத்தில்தான் அண்ணியின் குடும்பம் பழக்கமானது. சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். அண்ணி தன் விருப்பப்படி ஞானஸ்நானம் பெற்று, எங்கள் ஆலயத்தில் மாலை மாற்றிக்கொண்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் பிள்ளை எழுத வேண்டியதைத் தங்கை எழுதுகிறேன்.

மைக் செட் வேலை என்பது பாதி காத்திருப்பு. பாட்டைப் போட்டுவிட்டால் அடுத்த பாட்டுவரை பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார வேண்டும். மற்றவர்கள் பீடி குடிப்பார்கள், சீட்டு ஆடுவார்கள். அண்ணன் ஒயர் சுற்றி வைக்கிற பையிலிருந்து வேதாகமத்தை எடுப்பார். ஒரு காது உடைந்த கண்ணாடி. அதை மெல்லிய கம்பியால் கட்டியிருப்பார். எத்தனையோ கல்யாணப் பந்தல்களில், நாதஸ்வர ரெக்கார்டு அலறிக்கொண்டிருக்க, அவர் ஆதியாகமம் படித்துக்கொண்டிருப்பதை இந்த ஊரே பார்த்திருக்கிறது. அந்த மனிதரைத்தான் முதல் பக்கத்தில் விழுந்தவர் என்றார்கள்.

என் விசுவாசத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அண்ணனுக்காகத் தங்கை கொள்கையை வளைக்கிறாள் என்று பேசுவீர்கள். தேவன் ஆறு நாளில் உலகத்தைப் படைத்தார் என்று எழுதியிருக்கிறது. நாள் என்றால் நாள்தான் என்று நான் நம்புகிறேன். அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அண்ணன் அப்படி நம்பவில்லை. இதற்காக எங்கள் வீட்டில் பேச்சு வந்திருக்கிறது. ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே பேசியது அப்படியே நினைவில் இருக்கிறது.

"ஆறு நாளுன்னா ஆறு நாளுதான் ணா. ஏன், அவரால முடியாதா?" என்றேன்.

"முடியாதுன்னு நான் எப்பம்மா சொன்னேன்? ஒரு நொடியில கூட முடியும். ஆறு நாளுன்னு நீ சொல்றதுதான் அவருக்குக் கம்மி."

"அப்புறம் இன்னாதான் ஒன் பிரச்சன?"

"எழுதுனவரு கடியாரத்த பாத்துக்கினு எழுதல. ஆண்டவர நெனச்சி கும்புட்டுக்கினே எழுதியிருக்காரு. கும்புடறவன் தோள தட்டி, மணி இன்னா ஆச்சின்னு கேப்பியா நீ?"

"நீ பேசறத கேட்டா எனக்கு பயமா இருக்குது."

"பயப்படாத. கொழம்பு ஊத்து" என்றார்.

அவ்வளவுதான் அண்ணனுடைய கள்ளப் போதகம். சென்னையில் இருக்கும் எங்கள் பெரியப்பா மகன் ஒருமுறை போனில் அண்ணனிடம், "அதெல்லாம் அந்தக் காலத்து கதை, அத வச்சிக்கிட்டு என்ன பேச்சு?" என்று சொன்னார். அண்ணனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "கதைன்னு சொல்லாத. இந்த ஒலகம் ஆண்டவரு சொன்ன வார்த்தையில வந்துச்சி. அது சத்தியம். எம்மா நேரம் ஆச்சின்றதுதான் எனக்குத் தெரியாது. தெரியாதுன்றது வேற, இல்லன்றது வேற" என்று போனை வைத்தார். பெரியப்பா மகனும் இந்த மலரைப் படிப்பார். அண்ணன் செத்த பிறகு, "சின்ன விஷயத்துக்கு இவ்வளவு ரகளையா" என்று என்னிடம் சொன்னீர்களே, அது சின்ன விஷயம் இல்லை. படைத்தவரைப் பற்றிய பேச்சு எனக்குச் சின்ன விஷயம் இல்லை. கடிகாரத்தை வைத்து மனிதனை வெளியே தள்ளுவதும் அநியாயம், கதை என்று ஒதுக்கிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டு உட்காருவதும் அநியாயம்.

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை எப்படி நடக்கும் என்பது வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாது. ஆலயத்துக்குள் ஏழு மேசை போடுவோம். படைப்பின் ஒரு நாளுக்கு ஒரு மேசை. முதல் மேசையில் மெழுகுவத்தியும் விளக்கும். இரண்டாவதில் நீலத் துணிக்குக் கீழே தண்ணீர்க் குடங்கள். மூன்றாவதில் கரும்பு, மரவள்ளி, மலையிலிருந்து வந்த சாமை, கடுக்காய். நாலாவதில் ஜிகினாத் தாளில் வெட்டிய சூரியனும் நிலாவும். ஐந்தாவதில் அண்டாவில் விரால் மீன், கூடையில் கோழி. ஆறாவது மேசையின் காலில் ஓர் ஆட்டைக் கட்டி, மேலே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைப்போம், மனிதனுக்காக. ஏழாவது மேசையில் வெள்ளைத் துணி மட்டும் விரித்திருக்கும். அதில் ஒன்றும் வைக்கக் கூடாது. அது தேவன் ஓய்ந்திருந்த நாள்.

மேசைக்கு மேசை ட்யூப் லைட் கட்டுவது அண்ணன் வேலை. பண்டிகை முடிந்து, காணிக்கைப் பொருள்கள் ஏலம் போய், ஒவ்வொரு மேசையாகக் காலியாகும்போது அந்தந்த விளக்கை அணைத்துக்கொண்டே வருவார். ஏழாவது மேசை விளக்கை மட்டும் அணைக்க மாட்டார். ஒயரெல்லாம் சுற்றி, பெட்டியெல்லாம் வண்டியில் ஏற்றி, கடைசியாக ஆலயத்தின் மெயினை அணைக்கும்வரை அது எரியும். ஆட்டைக் கட்டின மேசையிலே இருட்டு, ஒன்றுமில்லாத மேசைக்கு வெளிச்சமா என்று ஒருமுறை கேட்டேன். "எழுத்துக்கு எழுத்து படிக்கிறவ நீதான? வூட்டுக்குப் போயி ஏழாம் நாள எடுத்துப் படி" என்றார். ஏதோ கேலி செய்கிறார் என்று விட்டுவிட்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

புதிய போதகர் எங்கள் சபைக்கு வந்தார். வந்த நாளிலிருந்து ஆறு நாள், ஆறு நாள் என்று பிரசங்கம். எனக்கு அதில் குறை இல்லை. என் நம்பிக்கையும் அதுதானே. அந்தச் சமயத்தில் அண்ணியின் தம்பி மலையிலிருந்து ஞானஸ்நானம் பெற வந்தார். ஊரார் என்ன சொல்வார்களோ என்று வருடக்கணக்காக யோசித்து, தானாகத் தீர்மானித்து வந்த மனிதர். புது வேட்டி, புதுச் சட்டை. பெண்டாட்டியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் இறங்கியிருந்தார். கேட்கிற கேள்விக்கெல்லாம் "விசுவாசிக்கிறேன்" என்று சொன்னால் போதும் என்று உபதேசியார் சொல்லிக் கொடுத்திருந்தார். இயேசுவை இரட்சகராக விசுவாசிக்கிறீரா என்று கேட்டார் போதகர். விசுவாசிக்கிறேன் என்று கண் கலங்கச் சொன்னார். அதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் போதகர் புதிதாக ஒரு கேள்வி சேர்த்தார். இருபத்து நான்கு மணி நேரம் கொண்ட ஆறு நாள்களில் தேவன் உலகத்தைப் படைத்தார் என்று விசுவாசிக்கிறீரா?

கேள்வி கேட்டால் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற மனிதர் அவர். அதுதான் அவர் செய்த தப்பு.

"ஐயா, ஒன்னு கேக்கலாங்களா?" என்றார். "சூரியன நாலாம் நாளுதான் வச்சாருன்னு போன வாரம் சொன்னீங்க. எங்க ஊர்ல சூரியன் மலைக்கி அந்தாண்ட போனாதாங்க சாயங்காலம். மொத மூணு நாளு எத வச்சிங்க சாயங்காலம்னு சொன்னாங்க?"

நாலு பேர் சிரித்தார்கள். பிறகு ஆலயமே சிரித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "பாரு டீ, மலையில இருந்து எறங்கி வந்து பாஸ்டருக்கே பாடம் நடத்துது" என்றது. யார் என்று எனக்குத் தெரியும். சொன்னவளே, உனக்கும் தெரியும். அந்த மனிதரின் அம்மா, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல், தானும் சேர்ந்து சிரித்தார்.

"இது பரீட்சை இல்ல. ஆமாவா, இல்லையா?" என்றார் போதகர்.

"தெரியலைங்களே, ஐயா."

"அப்ப தண்ணி கிடையாது. மலையிலயே இருந்து கத்துக்கிட்டு, அப்புறமா வாங்க."

அண்ணன் வழக்கம்போல ஆலயத்தின் ஓரத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். இத்தனை வருடத்தில் அந்த ஆலயத்தின் மைக்கில் அவர் பேசியதெல்லாம் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" மட்டும்தான். அன்றைக்கு அந்த டெஸ்டிங் மைக்கைக் கையில் எடுத்தார்.

"ஐயா, மன்னிக்கணும். மச்சான் கேட்டதுல தப்பு இல்லீங்க. நானும் ரொம்ப வருசமா அதத்தான் கேட்டுக்கினு இருக்கேன். எனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப ஏசுவ நம்புறியான்னுதான் கேட்டாங்க. மணிக்கணக்கு கேக்கல. கேட்டிருந்தா நானும் வெளியிலதாங்க நின்னுக்கினு இருப்பேன்."

"மைக்கை வைங்க" என்று போதகர் கத்தினார்.

"வச்சிட்டேன் ஐயா. ஒங்க சத்தத்த ஜாஸ்தி பண்ணி வுட்டிருக்கேன். நீங்க பேசுங்க, தெருவுக்கே கேக்கட்டும்."

போதகர் ஆசீர்வாதம்கூடச் சொல்லாமல் உள்ளே போனார். மலையிலிருந்து வந்தவர்கள் மத்தியானப் பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். புது வேட்டி நனையவே இல்லை.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. அண்ணன் சபைக்கு முன்னால் நின்று, நான் சொன்னது தவறு, ஆறு நாளும் இருபத்து நான்கு மணி நேரம்தான் என்று அறிக்கை செய்யும்வரை அவருக்குத் திருவிருந்து கிடையாது, அப்பமும் திராட்சரசமும் தரக் கூடாது என்று தீர்மானம் செய்தார்கள். அண்ணன் போய்ச் சண்டை போடவில்லை. வேறு சபையும் தேடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். திருவிருந்து நாளில் நாங்கள் எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போவோம். அண்ணன் மட்டும் கோணல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரைத் தாண்டிப் போனவர்களில் ஒருவராவது கமிட்டியைக் கேட்டீர்களா? அவர் கல்யாணத்துக்கு விளக்குப் போட்ட வீட்டுக்காரர்கள் எத்தனை பேர் அவரைத் தாண்டிப் போனீர்கள்? அப்பமும் ரசமும் உங்கள் தொண்டையில் எப்படி இறங்கியது?

அண்ணனுக்குப் பதிலாக ஆலயத்து மைக் செட்டுக்குத் தியாகதுருகத்திலிருந்து ஒரு முஸ்லிம் பாயைக் கூப்பிட்டார்கள். அவர் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, ஒங்க கோயில்ல என்னைக் கூப்புடறாங்க. நீ சொன்னா போறேன், இல்லன்னா இல்ல" என்றார்.

"போப்பா. தொழிலு தொழிலுதான். தெக்கால செவுத்துகிட்ட பெட்டி வைக்காத, விசிலடிக்கும்."

பாய் மறந்துபோய் அங்கேயே வைத்தார். போதகர் பிரசங்கத்தில் வாயைத் திறக்கும்போதெல்லாம் பெட்டி விசிலடித்தது. கடைசி பெஞ்சிலிருந்து அண்ணன், கம்மி பண்ணு, கம்மி பண்ணு என்று நல்ல கையால் சைகை காட்டினார். ஜெபத்தில் கண்ணை மூடியிருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வஞ்சம் வைத்த மனிதர் என்றால் அந்தச் சைகை காட்டியிருப்பாரா?

பிறகு சர்க்கரை வியாதி முற்றி, சிறுநீரகம் கெட்டு, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் படுத்தார். அண்ணி ராப்பகலாகப் பக்கத்தில் இருந்தார். நான் சோறு கொண்டு போவேன். தேற மாட்டார் என்று தெரிந்த பிறகு அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார். "திருவிருந்து வாங்கணும்மா. ஐயாவ கூப்புடு."

போதகர் வந்தார். அப்பமும் ரசமும் வைக்கிற சிறிய பெட்டியோடு வந்தார். அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். திறப்பதற்கு முன்னால், "பிரதர், ஆறு நாள்னு ஒத்துக்கிறீங்களா? ஒரு வார்த்தை போதும். நான் கமிட்டிக்குச் சொல்லிடறேன்" என்றார்.

அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். "ஐயா, எனக்கே இன்னும் எத்தினி நாளுன்னு டாக்டரு சொல்ல மாட்டேன்றாரு. ஒலகத்துக்கு எத்தினி நாளுன்னு நான் இன்னாங்க சொல்றது?"

நான் அண்ணன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "சொல்லிடு ணா. நான் நம்பறதுதான அது? ஒரு வார்த்ததான" என்று கெஞ்சினேன்.

"நீ நம்பி சொல்ற, அது விசுவாசம். நான் நம்பாத சொன்னா அது பொய். பொய் சொல்லிட்டு ஆண்டவரு அப்பத்த கையில வாங்கறதா?" என்றார்.

போதகர் பெட்டியைத் திறக்கவே இல்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டார். படிக்கட்டுவரை அண்ணி பின்னாலேயே ஓடிக் காலில் விழுந்ததை, அந்த வார்டில் இருந்த எல்லா மதத்தாரும் பார்த்தார்கள். மறுநாள் விடியலில் அண்ணன் போய்விட்டார். அப்பம் கேட்கிற மகனுக்குக் கல்லைக் கொடுப்பானா என்று கேட்ட இரட்சகரை நாம் கும்பிடுகிறோம். சாகிறவன் அப்பம் கேட்டான், நீங்கள் கேள்வித்தாளை நீட்டினீர்கள். இதை நான் மன்னிக்க வேண்டும் என்று வேதம் சொல்கிறது. ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை.

சடலத்தை ஆலயத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்றார்கள். மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கமிட்டிக்காரர்கள் எங்களை ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்கு அலைய விட்டார்கள். சாவி கிடைத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. போதகர் வந்தார், இரண்டு நிமிடம் ஜெபித்தார், முதல் பக்கத்திலேயே விழுந்தவர் என்ற அந்த வார்த்தையைச் சொன்னார், பெட்டியைக் குழியில் இறக்கும் முன்பே புறப்பட்டார். அவர் பின்னாலேயே பாதிச் சபையும் புறப்பட்டது. மண்கூடத் தள்ளவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. குழி எங்கே, ஓரம் எங்கே என்று தெரியவில்லை. அண்ணி விழுந்துவிடுவாரோ என்று நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. தியாகதுருகம் பாயும், கள்ளக்குறிச்சியில் அண்ணனோடு தொழிலில் போட்டி போட்ட மைக் செட்டுக்காரர்களும், கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டுகிறவர்களும் வண்டியில் வந்து இறங்கியிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. வேப்பமரத்தில் ஏறினார்கள், ஒயரை இழுத்தார்கள், ட்யூப் லைட்டுகளைக் கட்டினார்கள். ஒரே நேரத்தில் கல்லறைத் தோட்டம் முழுவதும் வெளிச்சமாயிற்று. சூரியன் போய்விட்டிருந்தது. வெளிச்சம் இருந்தது. அண்ணியின் தம்பி, மச்சான் என்று அண்ணன் மைக்கில் சொன்ன அந்த மனிதர், இன்றுவரை ஞானஸ்நானம் பெறாதவர், குழியின் தலைமாட்டில் நின்று ஜெபித்தார்.

"சாமீ, எங்க மாமா ஒன்னத்தான் நம்புனாரு. எங்களுக்கு ஒன்னும் தெரியாது. ஒனக்குத் தெரியும். சேத்துக்கோ."

நான் கேட்ட அடக்க ஆராதனைகளில் இதைவிடப் பெரிய ஜெபம் கேட்டதில்லை.

கல் விஷயம் இழுத்துக்கொண்டே போனது. இந்த வருடம் அறுப்பின் பண்டிகையும் வந்தது. போகக் கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் போனேன். அது என் ஆண்டவருடைய வீடு, கமிட்டியின் வீடு அல்ல. ஏழாவது மேசையைப் பார்த்தேன். போதகருக்குப் போட வாங்கி வைத்திருந்த மாலையையும் சால்வைகளையும் அதன்மேல் குவித்திருந்தார்கள். அண்ணன் இருந்தவரை அந்த வெள்ளைத் துணிமேல் ஒரு பூ விழுந்தாலும் எடுத்துப்போடுவார். வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு, ஏழாம் நாளை எடுத்துப் படி என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்து, வேதாகமத்தைத் திறந்தேன்.

இதைப் போதகருக்கும் கமிட்டிக்கும் கேள்வியாகவே வைக்கிறேன். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படிக்க வேண்டும் என்கிறீர்கள். நானும் அப்படிப் படிக்கிறவள்தான். அப்படியே படித்தேன். முதல் நாளுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் ஆயிற்று என்று இருக்கிறது. இரண்டாம் நாளுக்கு இருக்கிறது. ஆறாம் நாள்வரை ஒவ்வொன்றுக்கும் இருக்கிறது. ஏழாம் நாளுக்கு இல்லை. தேவன் ஓய்ந்திருந்தார், அந்த நாளை ஆசீர்வதித்தார், பரிசுத்தமாக்கினார். சாயங்காலம் ஆயிற்று என்று அந்த நாளுக்கு எழுதவில்லை. எழுதாததைக் கூட்டிச் சொல்லக் கூடாது என்று பிரசங்கிக்கிற நீங்கள் சொல்லுங்கள், அந்த நாள் முடிந்துவிட்டதா?

நீங்களும் நானும் எழுத்துக்கு எழுத்து படிக்கிறவர்கள். நம் இரண்டு பேர் கண்ணிலும் இது படவில்லை. எழுத்தைப் படிக்கத் தெரியாதவர் என்று நீங்கள் தள்ளிவைத்த மனிதர் கண்ணில் பட்டது. அவர் அதை வைத்து யாரையும் மடக்கவில்லை, மைக்கில் சொல்லவில்லை. ஒரு விளக்கை அணைக்காமல் விட்டார், அவ்வளவுதான். நான் இன்னமும் ஆறு நாள் என்றுதான் நம்புகிறேன். அண்ணன் வந்து எதிரில் உட்கார்ந்தாலும் அதைத்தான் சொல்வேன். அவரும் குழம்பு ஊத்து என்றுதான் சொல்வார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கூப்பிடாமல் வந்து வெளிச்சம் கொடுத்த மைக் செட்டுக்காரர்களுக்கும், வேப்பமரத்தில் முதலில் ஏறிய தியாகதுருகம் பாய்க்கும் நன்றி. மலையிலிருந்து கூட்டமாக இறங்கி வந்து மண் தள்ளிய அண்ணியின் உறவினர்களுக்கு நன்றி. காலில் விழுந்துகிடந்த அண்ணியைப் படிக்கட்டிலிருந்து தூக்கி உட்காரவைத்த அந்த ஆஸ்பத்திரித் துப்புரவுப் பெண்ணுக்கு நன்றி, பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். கமிட்டிக்குப் பயந்து பகலில் வராமல், பின்வாசல் வழியாக வந்து அழுதுவிட்டுப் போன சபையாருக்கும் நன்றிதான். அடுத்த முறை முன்வாசல் வழியாக வாருங்கள்.

அண்ணன் நம்பிக்கை தவறியவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட மாட்டோம். அண்ணியும் போட மாட்டார், நானும் போட மாட்டேன். கல் இல்லாமலே இருக்கட்டும். கல்லில் வெட்டுவதற்காக நானும் அண்ணியும் பேசி வைத்திருந்த வரியை இந்தக் கட்டுரையின் கடைசியில் அச்சடித்துவிட்டோம். கல்லறைத் தோட்டத்துச் சாவி உங்களிடம் இருக்கிறது. இத்தனை வீட்டுக்குப் போகிற இந்தத் தாளை எந்தச் சாவியால் பூட்டுவீர்கள்?

ஓய்ந்திருக்கிறார். இன்னும் சாயங்காலம் ஆகவில்லை.

உடன்பிறந்த தங்கை,
வடக்கனந்தல்